மாமாவின் முதுகுவலி

இதை எழுதலாமா என்று மாமாவிடம் கேட்டேன். "எழுது மாப்ள, பேரு மட்டும் போடாத. மேஸ்திரி காதுக்குப் போச்சுன்னா வேலைக்கு ஆவாதவன்னு எடுத்துடுவான்" என்றார். அதனால் பெயரும் ஊரும் இல்லை. வட ஆற்காட்டுப் பக்கம் ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், வயது 52, அம்மாவின் தம்பி. இவ்வளவு போதும்.

அவருக்கு வந்த நோயின் பெயர் ரெட்ரோபெரிடோனியல் ஃபைப்ரோசிஸ். தடுமாறாமல் சொல்ல எனக்கே பத்து நாள் ஆனது. அத்தை இன்றைக்கும் "வயித்துக்குப் பின்னால வல கட்டிக்கிச்சு" என்றுதான் சொல்கிறார். அது ஒன்றும் தப்பான விளக்கமில்லை. குடல் இருக்கும் வயிற்றறைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி ஓர் இடம் இருக்கிறது. இதயத்திலிருந்து வரும் பெருந்தமனி அந்த வழியாகத்தான் கீழே இறங்குகிறது. இரண்டு சிறுநீரகங்களும், அவற்றிலிருந்து மூத்திரப்பைக்கு வரும் இரண்டு குழாய்களும் அங்கேதான் இருக்கின்றன. இந்த நோயில் பெருந்தமனியைச் சுற்றி அழற்சி உண்டாகி, காயம் ஆறிய தழும்பு மாதிரி நார்த்திசு வளர்கிறது. அது பக்கவாட்டில் பரவி, சிறுநீர்க்குழாய்களையும் சுற்றிப் பிடித்து நெரிக்கிறது. குழாய்க்குள்ளே கல் இருக்காது, கட்டி இருக்காது. சிறுநீரகம் சுரந்துகொண்டே இருக்கும், வடிய வழியிருக்காது. உப்பி உப்பி ஒரு நாள் வேலையை நிறுத்திவிடும்.

பாரிசில் இருந்த அல்பரான் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் 1905லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1948இல் ஆர்மண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய பிறகுதான் மருத்துவ உலகம் கவனித்தது. அதனால் ஆர்மண்ட் நோய் என்றும் சொல்கிறார்கள். ஆண்டுக்கு லட்சம் பேரில் சுமார் ஒருவருக்கு வரும். 40இலிருந்து 60 வயதுக்குள் அதிகம், ஆண்களுக்குப் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு.

"லட்சத்துல ஒருத்தருக்கு வர்றது, யார் என்ன பண்ண முடியும்?" என்று நிறையப் பேர் ஆறுதல் சொன்னார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் இருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அத்தை மஞ்சப்பையில் போட்டு வைத்திருந்த சீட்டுகளை எல்லாம் எடுத்துத் தேதிவாரியாக அடுக்கினேன். முதல் சீட்டு 2022 ஜூலை. வயிற்றை முதன்முதலாக ஸ்கேன் எடுத்தது 2023 செப்டம்பர். நடுவில் 14 மாதம், ஒன்பது சீட்டு. நோய் வேண்டுமானால் லட்சத்தில் ஒன்றாக இருக்கட்டும். அந்த ஒன்பது சீட்டில் நடந்தது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் நடப்பது.

முதல் மூன்று சீட்டிலும் ஒரே ஊசி, ஒரே மாத்திரை. டைக்ளோஃபெனாக். மாமா சொன்னது முதுகுவலி. குப்பை வண்டி தள்ளுகிறவன், சாக்கடை அள்ளுகிறவன் முதுகுவலி என்றால் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் வேலை செய்கிற முதுகின் வலி படுத்தால் கொஞ்சமாவது தணியும். இது அப்படித் தணியவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து திண்ணையில் உட்கார்ந்திருப்பார். புரண்டாலும் குனிந்தாலும் நிமிர்ந்தாலும் ஒரே மாதிரி மொண்ணையான வலி. இதை அவர் சொல்லவும் செய்தார். எதிரில் இருந்தவர் எழுதி முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

ஊசி போட்டால் இரண்டு நாள் நன்றாக இருக்கும். வினையே அதுதான். இந்த நோயில் வலி மாத்திரைக்கு வலி கேட்கும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கேட்கிறதே என்று மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கி, தினம் இரண்டு போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஏற்கெனவே நெரிபடும் சிறுநீரகத்துக்கு அந்த மாத்திரை தனியாக ஒரு அடி.

நான்காவது சீட்டில் பெரிய எழுத்தில் 'ஆல்கஹாலிக்' என்று இருக்கிறது. மாமா குடிப்பார். மறைக்க ஒன்றுமில்லை. மலக்குழி அடைப்பு எடுக்கச் சொல்லும் நாளில் மேஸ்திரியே குவார்ட்டருக்குக் காசு கொடுப்பான். ஆனால் அந்தச் சீட்டுக்குப் பிறகு எந்தச் சீட்டிலும் கேள்வியே இல்லை. பசி இல்லை, எட்டுக் கிலோ குறைந்தது: குடி. சாயங்காலம் லேசாகக் காய்ச்சல்: குடி. நானும் சேர்ந்துதான் சொன்னேன். சென்னையில் ஏதோ கருத்தரங்கில் இருந்தபோது போன் செய்தார். "முதல்ல குடிய விடு மாமா, எல்லாம் சரியாப்பூடும்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போனேன். அன்றைக்கு நான் பேசிய தலைப்பு, தூய்மைப் பணியாளர்களின் உடல்நலம்.

ஏழாவது சீட்டு வரும்போது இரண்டு காலும் வீங்கியிருந்தது, விரைப்பையும் வீங்கியிருந்தது. கீழிருந்து ரத்தம் மேலே ஏறும் சிரைகளையும் நிணநீர்ப் பாதைகளையும் அந்த நார் அழுத்தினால் இப்படி ஆகுமாம். எங்கள் பக்கம் கால் வீங்கினால் யானைக்கால் என்பார்கள். பார்த்த மாத்திரத்தில் அந்த மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள். ராத்திரியில் எடுக்க வேண்டிய ரத்தப் பரிசோதனைகூட இல்லை.

ஒன்பது சீட்டிலும் நான் தேடியது ஒரு எண்ணை. ரத்த அழுத்தம். ஒன்றில்கூட இல்லை. சிறுநீரகம் அடைபட்டால் ரத்த அழுத்தம் ஏறும். கடைசியில் பார்த்தபோது 180/110 இருந்தது. அதை யாராவது ஒருவர் நடுவில் பார்த்திருந்தால், 50 வயது ஆளுக்குத் திடீரென்று ஏன் இவ்வளவு என்று ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, ஒரு கிரியாட்டினின், ஒரு ஸ்கேன் என்று போயிருக்கும். இதில் எதுவும் பெரிய செலவில்லை. சிறுநீரகம் உப்பியிருப்பதைச் சாதாரண அல்ட்ராசவுண்டே காட்டிவிடும்.

ரத்த அழுத்தம் பார்க்க என்ன வேண்டும்? கையைப் பிடித்து, சட்டையை மேலே ஏற்றி, பட்டையைச் சுற்ற வேண்டும். தொட வேண்டும்.

அம்பேத்கர் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற தன் நினைவுக்குறிப்பில், 1929இல் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதத்தை எடுத்துக் காட்டுகிறார். கத்தியவாரில் தீண்டப்படாத சாதியைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர் எழுதியது. பிள்ளை பெற்ற மனைவிக்கு உடம்பு மோசமாகிறது. மருத்துவர் அவர்கள் குடியிருப்புக்குள் வர மறுக்கிறார். பெரியவர்களை வைத்துக் கெஞ்சி, இரண்டு ரூபாய் கட்டணத்துக்கு ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள். குடியிருப்புக்கு வெளியே அந்தப் பெண்ணைக் கொண்டுவர வேண்டும் என்பது நிபந்தனை. மருத்துவர் தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைக்கிறார். திரும்பவும் அதே வரிசையில் போகிறது. நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விடுகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

மாமாவை யாரும் சாதி பேர் சொல்லித் திட்டவில்லை. வெளியே நில் என்று சொல்லவில்லை. மருத்துவமனையில் அனுமதி மறுப்பதும், அனுமதித்த பிறகு பாகுபாடு காட்டுவதும் 1955ஆம் ஆண்டு குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவில் குற்றம். தீண்டாமையின் பேரால் நடந்தது என்று காட்ட வேண்டும். இங்கே என்னிடம் என்ன இருக்கிறது? எழுதப்படாத ஒரு எண். முன்னால் போனவரை "நீங்க உக்காருங்க" என்ற வாய் மாமாவை "என்னா, உனக்கு என்ன?" என்றது. நகராட்சி சட்டை போட்டிருந்தார், வாடை வந்திருக்கும். நூறு பேர் நிற்கும் வரிசையில் ஒரு மருத்துவர் என்ன செய்வார் என்று கேட்டால் அதற்கும் என்னிடம் பதிலில்லை. சாதிதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது என்பதை ஒப்புக்கொண்டேதான் எழுதுகிறேன். சாதி இல்லை என்று என்னை நம்பவைக்கவும் முடியாது.

2023 செப்டம்பரில் மூன்று நாள் வாந்தி. மூத்திரம் ஒரு நாளைக்கு அரை டம்ளர்கூட இல்லை. மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஓடினோம். கிரியாட்டினின் 9.4. பொட்டாசியம் இதயம் நின்றுவிடும் அளவுக்கு ஏறியிருந்தது.

அங்கே இரவுப் பணியில் யூராலஜி மேற்படிப்பு படிக்கும் ஒரு பெண் மருத்துவர் இருந்தார். என்ன சாதி, எந்த ஊர், எனக்குத் தெரியாது. வந்ததும் மாமாவின் கையைப் பிடித்தார். "ஐயா, எவ்ளோ நாளா வலி?" என்றார். படுத்தால் குறையுதா, கால் எப்போ வீங்கிச்சு, என்ன மாத்திரை சாப்டீங்க, காலி அட்டை இருந்தா காட்டுங்க என்று வரிசையாகக் கேட்டார். வயிற்றை அழுத்தினார், இடுப்புக்கு மேலே முதுகைத் தட்டிப் பார்த்தார், கால் வீக்கத்தில் கட்டைவிரலை வைத்து அமுக்கிக் குழி விழுகிறதா என்று பார்த்தார். ஏழெட்டு நிமிடம் இருக்கும். "இவங்க வேற டாக்டரு மாப்ள" என்றார் மாமா, அந்த நிலைமையிலும்.

ஸ்கேனில் இரண்டு சிறுநீரகமும் உப்பியிருந்தன, கல் இல்லை, மூத்திரப்பை காலி. இரண்டு முறை டயாலிசிஸ் செய்து பொட்டாசியத்தை இறக்கிவிட்டு, மூத்திர வழியாகக் கருவியை விட்டு இரண்டு குழாய்களிலும் டி.ஜே. ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு முனையும் சுருண்ட, மெல்லிய பிளாஸ்டிக் குழாய் அது. அடைப்பு இவ்வளவு இருந்தும் ஸ்டென்ட் தடையில்லாமல் ஏறிவிட்டது. இந்த நோயில் அப்படி ஏறுவதுண்டு, அதுவே ஒரு துப்பு என்று பிறகு விளக்கினார்கள். ஸ்டென்ட் ஏறாதபோது முதுகு வழியாகச் சிறுநீரகத்துக்கே நேரடியாகக் குழாய் போடுவார்களாம்.

அன்றைக்கு ராத்திரி மூத்திரம் வர ஆரம்பித்தது. ஒரு நாளில் ஆறு லிட்டர். பை நிரம்ப நிரம்ப அத்தை அளந்து ஊற்றி, நர்ஸ் கொடுத்த தாளில் கோடு போட்டார். எழுதப் படிக்கத் தெரியாது, ஒரு லிட்டருக்கு ஒரு கோடு. அடைப்பு திறந்ததும் இப்படிக் கொட்டும், அதோடு உப்பும் போய்விடும், அதற்கு ஈடாக ஏற்ற வேண்டும் என்பதால் அந்தக் கணக்கு முக்கியம். அந்த வார்டில் அத்தையின் கோடுகளை மருத்துவர்கள் நம்பினார்கள்.

பத்து நாளில் கிரியாட்டினின் 2.3க்கு வந்தது. அதன் பிறகுதான் சாயம் ஏற்றி சி.டி. எடுக்க முடிந்தது. பெருந்தமனியைச் சுற்றி உறை போட்ட மாதிரி ஒரு திரள். வெளிப்பக்கமாக இறங்க வேண்டிய இரண்டு சிறுநீர்க்குழாய்களும் நடுவை நோக்கி இழுக்கப்பட்டிருந்தன. ரத்தத்தில் ஈ.எஸ்.ஆர். 96, உடம்புக்குள் அழற்சி கனன்றுகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம்.

படத்தைப் பார்த்ததும் மருந்து தொடங்கிவிடவில்லை. இதே மாதிரி தெரியக்கூடியவை வேறு இருக்கின்றன: நிணநீர்ப் புற்று, வேறு இடத்திலிருந்து பரவிய புற்று, காசநோய். எங்கள் மாதிரி தெருக்களில் காசநோயை ஒதுக்காமல் ஸ்டீராய்டு கொடுத்தால் ஆளே போய்விடுவார். அதனால் நெஞ்சுப் படம், சளி, பிறகு ஊசி வழியாகத் திசு எடுத்து பயாப்சி. ஐ.ஜி.ஜி.4 என்ற எதிர்ப்புப் புரதம் சம்பந்தப்பட்ட ஒரு வகையும் உண்டு, அதையும் பார்த்தார்கள். ஒற்றைத் தலைவலிக்கு முன்பு கொடுத்த மெத்திசெர்ஜைட் என்ற மருந்தாலும் இது வந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் காரணமே தெரிவதில்லை.

காரணங்களைத் தேடும்போதுதான் அந்த மருத்துவர் கேட்டார், "இந்த வேலைக்கு முன்னாடி என்ன வேலை பாத்தீங்க?" 14 மாதத்தில் வேலையைப் பற்றி வந்த முதல் கேள்வி அதுதான். அதுவரை வேலை என்பது சீட்டில் ஒரு கட்டம், அதில் 'கூலி' என்று எழுதுவார்கள். மாமா ராணிப்பேட்டைப் பக்கம் ஒன்பது வருடம் ஷெட் போடும் வேலை பார்த்தவர். அஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கட்டர் வைத்து அறுப்பது, பழைய கூரையைப் பிரித்துப் போடுவது. மூக்கில் துண்டு கட்டிக்கொள்வார், அவ்வளவுதான் பாதுகாப்பு. பீடியும் உண்டு. அஸ்பெஸ்டாஸ் தூசும் புகையிலையும் இந்த நோயின் ஆபத்தைக் கூட்டுகின்றன, இரண்டும் சேர்ந்தால் இன்னும் அதிகம் என்று இத்தாலிய ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். மாமாவுக்கு அதனால்தான் வந்தது என்று சொல்ல முடியாது என்று மருத்துவர் தெளிவாகச் சொன்னார். ஆனாலும் கேஸ் தாளில் எழுதினார். பல நாடுகள் அஸ்பெஸ்டாஸை முழுக்கத் தடை செய்துவிட்டன. நாம் இன்னும் கப்பலில் வரவழைத்துக்கொண்டிருக்கிறோம். அதை அறுக்கிறவர்கள் யார், அதன் கீழே படுக்கிறவர்கள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

பயாப்சியில் புற்று இல்லை, காசநோய் இல்லை. பிரெட்னிசோலோன் தொடங்கினார்கள். உடல் எடையில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவாக, ஒரு மாதம் முழு அளவு, பிறகு மெல்ல மெல்லக் குறைத்து ஒன்பது மாதம். தமொக்சிஃபென் என்ற மார்பகப் புற்று மருந்தையும் இதற்குத் தருவார்கள். 2011இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வில், நோய் திரும்பாமல் தடுப்பதில் பிரெட்னிசோன்தான் மேல் என்று தெரிந்தது. மருந்துக்கு மசியாவிட்டால் வயிற்றைத் திறந்து, குழாய்களை நாரிலிருந்து பிரித்தெடுத்து, வயிற்றுக்குள்ளிருக்கும் கொழுப்புச் சவ்வால் சுற்றி வைக்கும் அறுவை சிகிச்சை இருக்கிறது. மாமாவுக்கு அது தேவைப்படவில்லை. நான்காம் மாத சி.டி.யில் திரள் பாதிக்கு மேல் சுருங்கியிருந்தது. இவ்வளவையும் செய்த அந்த மாத்திரை மருந்துக் கடையில் இருப்பதிலேயே மலிவானவற்றில் ஒன்று.

வலது சிறுநீரகம் மீண்டது. இடது மீளவில்லை. ரொம்ப நாள் அழுத்தத்தில் இருந்து மெலிந்துவிட்டது. இப்போது மொத்த வேலையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்குதான் அது செய்கிறது.

சிகிச்சை இலவசம்தான். ஆனால் இது மாதக்கணக்கில் ஓடும் சிகிச்சை, மாமாவின் வேலையோ தினக்கணக்கு. நோய் விடுப்பு என்ற பேச்சே கிடையாது. ஸ்டென்ட் வைத்த உடம்போடு ஆறாவது வாரத்தில் வண்டி தள்ளப் போனார். தூக்கினால் மூத்திரத்தில் ரத்தம், போகும்போதெல்லாம் எரிச்சல். ஸ்டீராய்டால் முகம் நிலா மாதிரி உப்பியது. "குடிச்சுக் குடிச்சு மூஞ்சி ஊதிப்போச்சு பாரு" என்றான் மேஸ்திரி. அந்த நேரத்தில் அவர் குடியை விட்டு நாலு மாதம் ஆகியிருந்தது.

சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் செய்திருந்தார்கள், கையில் அட்டை இல்லை. நானும் தோழர்கள் இருவரும் அலைந்து எண்ணைக் கண்டுபிடித்தோம். ஈ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவி என்று வருடத்துக்கு 91 நாள்வரை சம்பளத்தில் 70 சதவீதம் தருவார்கள். அதற்கு ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பணம் கட்டியிருக்க வேண்டும். மாமாவுக்குப் பிடித்தது எல்லா மாதமும், ஒப்பந்ததாரர் கட்டியது சில மாதம்தான். மனு போட்டிருக்கிறோம். உங்கள் ஊரில் தூய்மைப் பணியாளர்களோடு வேலை செய்கிற தோழர்கள், யாருக்கும் உடம்பு முடியாமல் போவதற்கு முன்பே இந்தக் கணக்கைப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டென்ட்டையும் சொல்ல வேண்டும். அதை மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும். மறந்தால் அதன்மேல் உப்புப் படிந்து கல்லாகிவிடும், உருவவும் முடியாது. மாமாவின் தேதி 2024 பொங்கல் வாரத்தில் வந்தது. போகிக் குப்பை, யாருக்கும் லீவு இல்லை. "அடுத்த மாசம் பாத்துக்கலாம் மாப்ள, இப்ப வலி இல்லியே" என்றார். அடுத்த மாதம் என்றால் அதற்கடுத்த மாதம். நான் கத்தினேன். அத்தை பேசாமல் போய் மஞ்சப்பையை எடுத்து வந்து வாசலில் செருப்பு போட்டுக்கொண்டு நின்றார். போனோம், மாற்றினார்கள். இரண்டு நாள் சம்பளம் போனது.

மருத்துவம் படிக்கிற தம்பி தங்கைகள் இதைப் படிப்பீர்கள். நம் வீடுகளிலிருந்து போனவர்கள் பலர் இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அது எனக்குப் பெருமை. மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: தெருவில் ஒருவர் மாதக்கணக்கில் முதுகுவலி, படுத்தாலும் தணியவில்லை, உடம்பும் இளைக்கிறது என்றால் கூடவே போங்கள். ரத்த அழுத்தம், சிறுநீர், கிரியாட்டினின், வயிற்று ஸ்கேன், இந்த நான்கும் சீட்டில் ஏறாமல் அறையைவிட்டு வெளியே வராதீர்கள். கூடப் படித்த ஒரு ஆள் நின்றால் கேள்விகள் மாறுகின்றன. இதைச் சொல்ல எனக்கே கசக்கிறது, ஆனால் 14 மாதமும் நான் கூடப் போகவில்லை.

2024 ஆகஸ்டில் வலது ஸ்டென்ட்டை எடுத்துவிட்டார்கள். கிரியாட்டினின் 1.7இல் நிற்கிறது. ஸ்டீராய்டு முடிந்துவிட்டது. இந்த நோய் பல வருடம் கழித்தும் திரும்பி வரும் என்பதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஈ.எஸ்.ஆர்., கிரியாட்டினின், ஸ்கேன். அடுத்த தேதி வரும் புதன்கிழமை. மேஸ்திரி இன்னும் லீவு சொல்லவில்லை. நான் செவ்வாய் ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போகிறேன்.